குளவிக்கு என் முகம் எதற்கு?

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடின் அடியில் ஒரு குளவிக்கூடு இருக்கிறது. முதலில் கண்ணில் பட்டபோது கொட்டைப்பாக்கு அளவுதான். சாம்பல் நிறம், ஒற்றைக் காம்பு, தாமரைப் பொகுட்டைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மாதிரி. இரண்டு மாதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. தட்டிவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கு. உன்னை என்ன பண்ணுச்சு?" என்றாள்.

அன்றைக்கு வரைக்கும் ஒன்றும் பண்ணவில்லைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸாஸ்ட் ஃபேனைத் துடைக்கலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். இரண்டாவது ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தபோது வலது புருவத்துக்கு மேல் ஒன்று, காது மடலில் ஒன்று. ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு ஓடினேன். அம்மா சுண்ணாம்பு தடவினாள். மறுநாள் ஆபீசுக்கு ஒற்றைக் கண்ணோடு போனேன்.

வலிகூடப் பரவாயில்லை. அந்த ஜன்னலை அம்மா தினமும் திறக்கிறாள். கூட்டுக்கு ஒரு முழம் கீழே இருக்கும் கொடியில் கரித்துணி காயப்போடுகிறாள், எடுக்கிறாள். ஒரு நாள்கூட ஒரு குளவியும் அவளைச் சீண்டியதில்லை. இதைச் சொன்னபோது அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்: "அதுக்கு என் முகம் தெரியும்டா. தினம் பாக்குது. உன்னை அதுக்கு யாருன்னு தெரியும்?"

அம்மாவின் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். அங்கே இந்த நம்பிக்கை இன்னும் பலம், அதுவும் கதண்டு விஷயத்தில். சில ஊர்களில் கடந்தை என்பார்கள். கறுத்த உடம்பும் வயிற்றில் ஆரஞ்சு மஞ்சள் பட்டையுமாக, பனையிலும் தென்னையிலும் பானை பானையாகக் கூடு கட்டும் பெரிய ஜாதி. மாமா பத்து வயதில் ஒரு பனைமரத்துக் கூட்டை உண்டிவில்லால் அடித்துவிட்டுக் குளத்தில் குதித்துத் தப்பினாராம். அதற்கப்புறம் பல வருஷத்துக்கு அந்தப் பனை நிற்கும் வரப்புப் பக்கம் அவரை யாரும் போகவிடவில்லை. "கதண்டு முகத்தைப் படம் பிடிச்சு வெச்சுக்கும்" என்பது பாட்டியின் தீர்ப்பு. பாம்புக்குச் சொல்கிற வசனம்தான், அப்படியே கதண்டுக்கும்.

கண் வீங்கியிருந்த அந்த வாரம் முழுக்க இதைத் தேடித் தேடிப் படித்தேன். அம்மா சொன்னதைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அது அவ்வளவு லேசில் நடக்கவில்லை.

குளவிக்கு முகம் தெரியும். 2002-லேயே நிரூபித்துவிட்டார்கள்.

நிரூபித்தவர் எலிசபெத் டிபெட்ஸ். அப்போது நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. அவர் பார்த்துக்கொண்டிருந்தது போலிஸ்டெஸ் ஃபஸ்கேட்டஸ் என்ற காகிதக் குளவி. மரத்தைச் சுரண்டி, எச்சிலில் மென்று, காகிதமாக்கிக் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். குளவிகளை ஆராய்கிறவர்கள் எது எது என்று அடையாளம் வைக்க ஒவ்வொன்றின் முதுகிலும் வண்ணப் பொட்டு வைப்பது வழக்கம். டிபெட்ஸ் கூட்டைப் படம்பிடித்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால், பொட்டு வைக்கத் தவறிய குளவிகளும் அதில் இருந்தன. வேலை கெட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் பார்க்கப் பார்க்க, பொட்டு இல்லாமலே அவற்றை முகத்தை வைத்துச் சொல்ல முடிந்தது. ஒன்றுக்குப் புருவம் மாதிரி மஞ்சள் கோடு, இன்னொன்றுக்கு நெற்றி முழுக்கச் செம்பழுப்பு, வேறொன்றுக்கு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு. நமக்கே தெரிகிறதே, அவற்றுக்குத் தெரியாதா என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்கு அவர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பொம்மை விமானங்களுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டை எடுத்து, குச்சி நுனியால் தொட்டு, குளவியின் முகத்தில் ஒரு கோட்டை மாற்றிவிட்டார். மஞ்சள் புருவத்தைக் கறுப்பாக்குவது, அவ்வளவுதான். அதைத் திரும்பக் கூட்டில் விட்டார். பெயிண்ட் வாசனையால்தான் கலவரம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அதற்காகச் சில குளவிகளுக்குப் பெயிண்ட் மட்டும் பூசி, முகக்கோலம் மாறாதபடி பார்த்துக்கொண்டார். கோலம் மாறாதவை போனதும் தெரியாமல் வந்ததும் தெரியாமல் கூட்டில் கலந்துவிட்டன. கோலம் மாறியவற்றுக்கு வரவேற்பே வேறு. சொந்தக் கூட்டுக்காரர்களே முட்டித் தள்ளினார்கள், கடித்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் அதுவும் அடங்கியது. புது முகம் பழகிவிட்டது.

மொட்டையடித்துக்கொண்டு திருப்பதியிலிருந்து திரும்புகிறவனை வீட்டு நாய் குரைக்குமே, அந்தக் காட்சிதான்.

எதற்காக இந்தத் திறமை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் குளவி வகையில் வசந்த காலத்தில் பல ராணிகள் சேர்ந்து ஒரு கூடு ஆரம்பிக்கும். ஒரே வீட்டில் நாலு மாமியார். யார் அதிகம் முட்டையிடுவது, யாருக்கு முதலில் சாப்பாடு, யார் வெளியே அலைவது எல்லாம் அடிதடியில்தான் முடிவாகும். ஒருமுறை முடிவானதை எல்லோரும் நினைவு வைத்திருந்தால் திரும்பத் திரும்ப அடித்துக்கொள்ள வேண்டாம். "இவளிடம் நேற்றுத் தோற்றேன்" என்பது தெரிந்தால் போதும். அதற்கு 'இவள்' யார் என்று தெரிய வேண்டும். அங்கேதான் முகம் வேலைக்கு வருகிறது.

எவ்வளவு நாள் நினைவிருக்கும்? டிபெட்ஸும் அவரது மாணவர் மைக்கேல் ஷீஹனும் 2008-இல் அதையும் பார்த்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு ராணிகளைச் சந்திக்க வைத்தார்கள். வழக்கம் போல மோதல். அப்புறம் பிரித்து, வேறு குளவிகளோடு ஒரு வாரம் பழகவிட்டு, மறுபடி எதிரெதிரே விட்டார்கள். இந்தத் தடவை மோதல் கணிசமாகக் குறைவு. நடுவில் எத்தனையோ புது முகங்களைப் பார்த்த பிறகும் பழைய முகம் மறக்கவில்லை. ஒரு வாரம் முன்னால் பார்த்த ஆளை நடுவில் நாலு புது ஆள் வந்தால் மறந்துவிடுகிற எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது.

2011-இல் அவர்கள் சயின்ஸ் இதழில் எழுதிய சோதனை இன்னும் ஒரு படி மேலே. T வடிவத்தில் ஒரு சின்னப் பாதை. தரையில் லேசாக மின்சாரம். கிளை பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு படம். சரியான படத்தின் பக்கம் போனால் ஷாக் இல்லாத இடம். படங்களில் சில குளவி முகங்கள், சில கம்பளிப்புழுக்கள், சில வெறும் கோலங்கள். கம்பளிப்புழு இந்தக் குளவிக்குத் தினசரிச் சாப்பாடு, அதைத்தான் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று எவரும் நினைப்பார்கள். இல்லை, முகங்களைத்தான் வேகமாகக் கற்றது. இதிலும் ஒரு வேடிக்கை. முகப் படத்திலிருந்து உணர்கொம்புகளை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுக் காட்டினால் குளவி திணறியது. புள்ளியும் கோடும் அப்படியே இருந்தும், கொம்பு இல்லாததை அது முகமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கூடவே ஒற்றை ராணியோடு வாழ்கிற இன்னொரு காகிதக் குளவியையும் அதே பாதையில் ஓடவிட்டார்கள். அந்த ஜாதியில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். அதற்கு முகம் கற்றுக்கொள்வதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இல்லை. தேவையில்லாத வித்தையை அது படிக்கவில்லை.

பிறந்தது முதல் தனியாக அடைத்து வளர்த்தால் ஃபஸ்கேட்டஸுக்கும் இந்த வித்தை வராது என்றும் பிறகு தெரிந்தது. கூட்டத்தோடு வளர்ந்தால்தான் முகம் பிடிபடும்.

இவ்வளவையும் படித்ததும் 'சரி, அம்மா ஜெயித்துவிட்டாள்' என்றுதான் தோன்றியது. ஆனால் கவனியுங்கள்: இதுவரை சொன்னதெல்லாம் குளவி முகத்தைக் குளவி பார்ப்பது. கொம்பை அழித்தாலே முகம் இல்லை என்று சொல்கிற பூச்சிக்கு, மூக்கும் மீசையும் கண்ணாடியுமாக ஸ்டூலில் நிற்கிற நான் எந்தக் கணக்கில் வருவேன்?

அதையும் பார்த்திருக்கிறார்கள். முதலில் தேனீயில். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஏட்ரியன் டயரும் கூட்டாளிகளும் 2005-இல் மனித முகங்களின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைத் தேனீக்களுக்குக் காட்டினார்கள். சரியான முகத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர், தப்பான முகத்துக்குக் கொய்னா கலந்த கசப்பு. திரும்பத் திரும்பப் பழக்கியதும் தேனீக்கள் சரியான முகத்தைத் தேர்ந்தெடுத்தன. சில தேனீக்களுக்கு இரண்டு நாள் கழித்தும் நினைவிருந்தது. படத்தைத் தலைகீழாக மாட்டினால் மட்டும் தடுமாறின. 2018-இல் டயர் இடம்பெற்ற ஒரு குழு இதே மாதிரி வேலையைத் தேனீயோடு சேர்த்து ஒரு சாதாரணக் குளவிக்கும் கொடுத்தது, வெஸ்புலா வல்காரிஸ் என்று. கதண்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதுவும் கற்றுக்கொண்டது.

ஆக, முடியும். தேனீயின் மூளையில் சுமார் 10 லட்சம் நரம்பணுக்கள், நமக்கு 8,600 கோடி. அந்தப் பத்து லட்சத்தை வைத்துக்கொண்டு மனித முகம் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியும்.

ஆனால் அந்தச் சோதனையில் தேனீக்கு நாம் யார்? மனுஷனே இல்லை. சர்க்கரை கிடைக்கிற ஒரு விநோதமான பூ. படத்துக்கு மிக அருகே வந்து பறந்து, தேன் எடுக்கிற சிரத்தையோடு, பல தடவை பார்த்துக் கற்றுக்கொண்டது. பூச்சியின் கூட்டுக்கண் நம் கண்ணைவிடப் பல பத்து மடங்கு மங்கல். பனைமரத்து உச்சியிலிருந்து கீழே உண்டிவில்லோடு நிற்கிற பத்து வயதுப் பையனின் முகம் அதில் ஒரு புள்ளிகூட இல்லை. அவனுடைய மூக்கையும் நெற்றியையும் ஒரே பார்வையில் மனதில் வாங்கி வைத்துக்கொண்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதண்டுக்கு அதற்கான தேவையும் இல்லை. அதன் கூட்டை ஒற்றை ராணி ஆரம்பிக்கிறது, பிறகு வருவதெல்லாம் அதன் மகள்கள், நூற்றுக்கணக்கில். நம்மாளா வெளியாளா என்பது உடம்பு மேல் பூசியிருக்கிற மெழுகு வாசனையிலேயே தெரிந்துவிடும். தவிர, வேலைக்காரக் கதண்டின் ஆயுளே சில வாரங்கள்தான். மாமா எறிந்த கல்லைப் பார்த்தவை அந்த வருஷமே செத்து மண்ணாகியிருக்கும். அவருடைய முகத்தைப் பேத்திகளுக்குச் சொல்லிவிட்டுப் போகவா முடியும்?

அப்படியானால் கதண்டு ஆளைத் தேடித் துரத்துகிறதே? கலைந்த கூட்டிலிருந்து வருகிறவற்றின் கண்ணில் முதலில் படுவது கறுப்பும் அசைவும். நம் தலைமுடியைவிடக் கறுப்பான, ஆடுகிற பொருள் எது? அதனால்தான் பெரும்பாலும் தலையில் கொட்டு விழுகிறது. ஒன்று கொட்டியதும் விஷத்தோடு சேர்ந்து ஓர் அபாய வாசனையும் நம் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானின் ராட்சதக் கதண்டில் அந்த வாசனை என்னென்ன ரசாயனம் என்றே பிரித்து 2003-இல் எழுதியிருக்கிறார்கள். கொட்டு வாங்கிய ஆள் நடமாடும் விளம்பரப் பலகை, மற்றவை அந்த வாசனைக்குத்தான் வருகின்றன. தேனீ மாதிரிக் கொடுக்கை விட்டுவிட்டுச் சாவதும் இல்லை, ஒரே கதண்டு பல தடவை கொட்டும். நிறையக் கொட்டு வாங்கினால் சிறுநீரகமே நின்றுபோகும். தஞ்சைப் பக்கமும் இலங்கையிலும் கதண்டு கொட்டிச் செத்தவர்கள் கதை ஊருக்கு ஒன்று இருக்கும். முகம் தெரியாது என்பதால் பக்கத்தில் போகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையாகவே முகத்தைப் பார்த்து வன்மம் வைக்கிற ஜீவன் ஒன்று நம் மொட்டைமாடியிலேயே இருக்கிறது. காக்கை. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-இல் ஆதிமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அந்த முகமூடியை யார் போட்டுக்கொண்டு நடந்தாலும் காக்கைகள் கத்தித் தீர்த்தன. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்து கத்தின. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனியின் முகமூடியை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். அதை ஒரு காக்கையும் சட்டை செய்யவில்லை. பாட்டி தன் வசனத்தைக் காக்கைக்குச் சொல்லியிருந்தால் முழு மார்க் கொடுத்திருப்பேன். அவள் காக்கைக்குச் சோறுதான் வைத்தாள்.

குளவியை மனுஷனாக்கிப் பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்கிறோம், அதைக் குரு சிஷ்யன் கதையாக்கி வைத்திருக்கிறோம். நடப்பது என்னவென்றால், வேட்டுவன் குளவி புழுவைக் கொட்டி மரத்துப்போக வைத்து, தன் முட்டையோடு சேர்த்து மண்கூட்டில் அடைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு பொரித்து, சிஷ்யனைத் தின்று, குளவியாகி வெளியே வருகிறது.

சரி, எங்கள் ஜன்னல் குளவிக்கு வருகிறேன். அது கதண்டும் இல்லை, ஃபஸ்கேட்டஸும் இல்லை. செம்பழுப்பு உடம்பு, மஞ்சள் புள்ளி, மெல்லிய இடுப்பு. பார்த்தவரைக்கும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற நம்மூர்க் காகிதக் குளவி. இதைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர். பல பத்தாண்டுகளாக அவரும் மாணவர்களும் முதுகில் பொட்டு வைத்து, கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இந்த ஜாதி ராணி ரொம்பச் சாது. அடிதடியே கிடையாது, பார்த்தால் ராணி என்றே தெரியாது. கூட்டின் மேல் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து வாசனை தடவிக்கொண்டே போகிறாள், அந்த வாசனை இருக்கிறவரை ராஜ்ஜியம் அவளுடையது. அவளை எடுத்துவிட்டால் அடுத்த வாரிசு சில நிமிஷங்களில் தலைகாட்டும். யார் வாரிசு என்று நமக்கு முன்கூட்டிச் சொல்லத் தெரியாது. ஆனால் மற்ற குளவிகள் அவளை எதிர்ப்பதே இல்லை, முன்பே தெரியும் என்பது போல நடந்துகொள்கின்றன. கூட்டை இரண்டாக வெட்டி, நடுவில் வலை வைத்து, ராணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வைத்து, 2008-இல் அதைக் காட்டினார்கள். அமெரிக்கக் குளவிக்கூட்டில் முகத்தால் நடக்கிற அரசியல் இங்கே சத்தமில்லாமல் நடக்கிறது.

மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் கண்ணை நம்புகிற குளவியும் உண்டு. மலேசியாவில் மெல்லிய உடம்போடு அந்தரத்தில் நின்று பறக்கும் ஒரு குளவி, பக்கத்துப் பக்கத்தில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகிறது. வெளியாள் நுழைவது அங்கே தினசரித் தொல்லை. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் தெரிந்த வாசனையோடு தெரியாத முகத்தைச் சேர்த்துக் காட்டியதில், அது முகத்தை வைத்தே முடிவெடுத்தது, தன் ஆளைத் தப்பாக அடித்தாலும் பரவாயில்லை என்று. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் இதே ரகம். மாஸ்க் போட்ட காலத்தில் இரண்டு முறை என்னை நிறுத்தியிருக்கிறார்.

கண் சரியானதும் நானும் ஒரு சோதனை செய்தேன். சோதனை என்பது பெரிய வார்த்தை. அன்றைக்கு நான் போட்டிருந்தது கறுப்பு டீ-ஷர்ட். ஸ்டூலை இழுத்த இழுப்பில் ஜன்னல் அதிர்ந்திருக்கும். ஸ்க்ரூ திருகும்போது கை ஆடிக்கொண்டே இருந்தது. அம்மாவைக் கவனித்தேன். வெளிர் நிறக் காட்டன் புடவை. கொக்கியை மெதுவாக எடுப்பாள், ஒரு கதவைத் திறப்பாள், நிற்பாள், மறு கதவு. முட்டி வலி. அறுபத்தெட்டு வயதில் எல்லா வேலையும் அந்த வேகம்தான்.

மறு ஞாயிறு வெள்ளைச் சட்டை, தலையில் துண்டு. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். ஏறியதும் அசையாமல் நின்றேன். கூட்டில் பதினாறு குளவிகள் இருந்தன. என் பக்கம் இருந்த மூன்று மட்டும் காலை ஊன்றி நிமிர்ந்து, இறக்கையைத் தூக்கின. அந்தத் தூரத்தில் அவற்றின் முகம் தெளிவாகத் தெரிந்தது, முக்கோணமாக, இரண்டு பக்கமும் அவரைவிதை மாதிரிக் கண். நானும் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே முகம். ஒரு நிமிஷம் போயிருக்கும். ஒன்று இறக்கையை மடித்தது. இன்னொன்று திரும்பிக்கொண்டு அறைக்குள் தலையைவிட்டுப் புழுவுக்கு எதையோ ஊட்டப் போனது. மூன்றாவது மட்டும் கடைசிவரை இறக்கையைத் தூக்கியபடியே நின்றது. மீதி ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபேனை இறக்கி, துடைத்து, மாட்டிவிட்டு வந்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. ஒரு கொட்டும் இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்ட் அடித்த குளவி, கொம்பில்லாத படம், சர்க்கரைத் தண்ணீர், பெங்களூர் வரைக்கும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த வெளிநாட்டுக் குளவிக்குத்தான் முகம் தெரியும்."

"ஆமாம்மா. அதுவும் குளவி முகம்தான்."

"நம்ம வீட்டுக் குளவிக்கு?"

"இதுக்கு எல்லாம் வாசனைதான்."

"அதைத்தானேடா நானும் சொல்றேன்" என்றாள். "தினம் வர்றவ வாசனை அதுக்குத் தெரியாதா?"